மக்கள் தொடர்பு வேலை: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக மக்கள் தொடர்பு (பி.ஆர்.) பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள், மார்க்கெட்டிங் பிரிவு நண்பர்கள், இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிக்கும் மாணவர்கள் என எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். கீழே போகப் போகக் கேள்விகள் சிக்கலாகும்.

பி.ஆர்.னா பேப்பர்ல நம்ம பேர் வர வைக்கிறதுதானே?

அது வேலையில் ஒரு பகுதி. கண்ணுக்குத் தெரிகிற பகுதி என்பதால் அதுவே முழு வேலை என்று தோன்றிவிடுகிறது. ஒரு நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் பலர்: பொருளை வாங்குகிறவர்கள், ஊழியர்கள், பணம் போட்டவர்கள், தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள், அனுமதி தரும் அரசு அலுவலர்கள், செய்தியாளர்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த நிறுவனத்தைப் பற்றி ஓர் எண்ணம் இருக்கும். அது என்ன என்று தெரிந்துகொள்வதும், அது உண்மையோடு பொருந்தும்படி பார்த்துக்கொள்வதும்தான் மக்கள் தொடர்பு.

பொருந்தவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. நாம் பேசுவதை மாற்றலாம், அல்லது நாம் நடந்துகொள்வதை மாற்றலாம். முதலாவதை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். இரண்டாவதற்காக உள்ளே போய், மேலதிகாரியின் அறையில் உட்கார்ந்து, "வெளியே நம்மைப் பற்றி இப்படிப் பேசுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது" என்று சொல்வதுதான் வேலையின் கனமான பாதி. இந்தப் பக்கத்தில் பல பதில்கள் கடைசியில் இந்த இடத்துக்கே வந்து சேரும்.

அப்போ விளம்பரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

விளம்பரத்தில் இடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். என்ன சொல்வது, எந்த நாளில், எத்தனை தடவை என்பதெல்லாம் நம் கையில். செய்தியில் அப்படி இல்லை. நாம் தகவல் கொடுப்போம். போடுவதா வேண்டாமா, எப்படிப் போடுவது என்பதைச் செய்தியாளர் முடிவு செய்வார். கட்டுப்பாடு நம் கையை விட்டுப் போகிறது, அதற்குப் பதிலாக நம்பகத்தன்மை கிடைக்கிறது. ஒரு மருத்துவர் தன் திறமையைப் பற்றித் தானே பலகை எழுதி வைப்பதற்கும், அவரிடம் குணமான ஒருவர் நம்மிடம் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

மார்க்கெட்டிங் டீமுக்குக் கீழதானே பி.ஆர். வரணும்?

பாடப் புத்தகப்படி அப்படித்தான் தெரியும். 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி மார்க்கெட்டிங்கை நான்கு பிரிவாக வகுத்தார்: பொருள், விலை, கிடைக்கும் இடம், பிரபலப்படுத்துதல். இதில் நான்காவதன் கீழ் விளம்பரம், சலுகைகள், நேரடி விற்பனை ஆகியவற்றோடு மக்கள் தொடர்பும் ஒரு கருவியாக உட்கார்ந்திருக்கிறது.

ஒரு புதிய பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும்போது இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். காது கேட்கும் கருவி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் 'வாங்குங்கள்' என்றால் பெரும்பாலானவர்களுக்கு அது தங்களுக்கானது என்றே தோன்றாது. முதலில், காது மந்தமாவதை மக்கள் ஏன் ஒத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள், பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று மருத்துவர்கள் பேச வேண்டும். அதைப் படித்துவிட்டு வீட்டில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, "நீங்களும் டிவி சத்தத்தை ரொம்பக் கூட்டுறீங்க" என்று சொல்ல வேண்டும். அப்புறம் விளம்பரம் வந்தால் காதில் விழும். மார்க்கெட்டிங் நண்பர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: செய்தி முன்னால், விளம்பரம் பின்னால். முழுப்பக்க விளம்பரம் வந்த பிறகு அதே தகவலை எந்த ஆசிரியரும் செய்தியாக எடுக்க மாட்டார்.

ஆனால் முதல் பதிலில் சொன்ன பட்டியலைத் திரும்பப் பாருங்கள். அதில் பாதிப் பேர் எதையும் வாங்கப் போவதில்லை. தொழிற்சாலைப் புகையைப் பற்றிப் புகார் சொல்கிறவரை வாடிக்கையாளர் பட்டியலில் தேடினால் கிடைக்க மாட்டார். அதனால் என் கருத்து இது: பொருள் சார்ந்த வேலையில் மார்க்கெட்டிங்கோடு ஒரே மேசையில் உட்காருங்கள், நிறுவனத்தின் பெயர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தலைமை நிர்வாகியின் கதவை நேராகத் தட்டும் உரிமை பி.ஆர். தலைவருக்கு இருக்கட்டும்.

இந்த வேலையை யார் ஆரம்பிச்சாங்க?

நவீன வடிவத்துக்கு இரண்டு அமெரிக்கர்களைச் சொல்வார்கள். முதலாமவர் ஐவி லீ. பத்திரிகையாளராக இருந்து இந்தப் பக்கம் வந்தவர். 1906-இல் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நாங்கள் மறைமுகமாக இயங்கும் அலுவலகம் அல்ல, எல்லாம் வெளிப்படையாகவே நடக்கும், நாங்கள் அனுப்புவது விளம்பரம் என்று உங்களுக்குப் பட்டால் போட வேண்டாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அட்லான்டிக் சிட்டியில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் காலத்து ரயில் நிறுவனங்கள் விபத்தை மூடி மறைக்கவே பார்க்கும். லீ, பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் சார்பில் தானே தகவலை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். முதல் செய்திக்குறிப்பு என்று பலர் சொல்வது இதைத்தான்.

இரண்டாமவர் எட்வர்ட் பெர்னேஸ், உளவியலாளர் ஃபிராய்டின் உறவினர். 1929-இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் பிடித்தபடி நடக்க வைத்து, அதைப் பெண் விடுதலையின் அடையாளமாகச் செய்தியாக்கினார். பின்னால் இருந்தது ஒரு சிகரெட் நிறுவனம். அது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இந்தத் தொழிலின் பிறப்பிலேயே இரண்டு பாதைகளும் இருந்தன. எந்தப் பாதையில் போகிறோம் என்பதை நாம் ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

காலையிலேர்ந்து சாயங்காலம் வரை என்னதான் செய்வீங்க?

காலையில் செய்திகளையும் சமூக ஊடகப் பேச்சையும் பார்த்து, நம்மையும் நம் துறையையும் பற்றி வந்தவற்றை ஒரு பக்கத்தில் சுருக்கி உள்ளே அனுப்புவோம். அப்புறம் எழுத்து வேலை: செய்திக்குறிப்பு, தலைவரின் உரை, ஊழியர்களுக்கான கடிதம், கேள்வி–பதில் தாள். நடுவில் கூட்டங்கள். மாலை நெருங்கினால் போன் அடிக்க ஆரம்பிக்கும், ஏனென்றால் செய்தியாளர்களுக்கு டெட்லைன் வருகிறது. "ஆறரைக்குள் ஒரு எண் வேண்டும்" என்பார்கள். அந்த எண்ணுக்காக நிதிப் பிரிவில் யாரைத் துரத்தலாம் என்று தெரிந்து வைத்திருப்பது பெரிய சொத்து.

நான் அனுப்புற பிரஸ் நோட்டை யாருமே போடறதில்லை. எப்படி எழுதணும்?

என்னிடம் திருத்தக் கொண்டுவரும் பத்துக் குறிப்புகளில் எட்டு இப்படித் தொடங்குகின்றன: "புதுமையில் முன்னோடியாகவும் வாடிக்கையாளர் நலனையே மூச்சாகவும் கொண்டு செயல்பட்டு வரும் எங்கள் நிறுவனம், தனது வெற்றிப் பயணத்தில் மேலும் ஒரு மைல்கல்லாக..." இதைப் படிக்கிற உதவி ஆசிரியர் மைல்கல்லைத் தாண்ட மாட்டார். மூன்றாவது பத்தியில் ஒளிந்திருந்த தகவலைத் தோண்டி எடுத்தபோது கிடைத்த வரி இது: "பார்வையற்றவர்கள் பொத்தான்களைத் தடவியே இயக்கக்கூடிய துணி துவைக்கும் இயந்திரம் அடுத்த மாதம் விற்பனைக்கு வருகிறது." இதுதான் செய்தி. இதுதான் முதல் வரி.

முக்கியமானது மேலே, விவரங்கள் அதற்குக் கீழே, பின்னணி கடைசியில். செய்தி அறைகளில் இதைத் தலைகீழ் பிரமிடு என்பார்கள். இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள் என்பதால் வந்த பழக்கம். தலைவரின் மேற்கோள் ஒன்று போதும், ஆனால் அது மனிதர் பேசுகிற மாதிரி இருக்கட்டும். 'மகிழ்ச்சியடைகிறோம்' என்ற மேற்கோளை வெட்டினால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. அந்த இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்த ஒருவர், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் முதல் தடவையாகத் தானே துணி துவைத்ததைச் சொன்னால் அதை வெட்ட மனம் வராது.

அப்புறம் சில நடைமுறைகள். குறிப்பை மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டுங்கள், இணைப்பாக மட்டும் அனுப்பாதீர்கள். படத்தில் இருப்பவர்கள் இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதுங்கள். கீழே கொடுக்கும் தொலைபேசி எண் உண்மையிலேயே எடுக்கப்படும் எண்ணாக இருக்கட்டும். என் ஆரம்ப நாள்களில், குறிப்பு அனுப்பிய அன்று எங்கள் தொடர்பு அலுவலர் விமானத்தில் இருந்தார். அன்று மாலை அழைத்த மூன்று செய்தியாளர்களும் அந்த வாரம் திரும்ப அழைக்கவில்லை.

ரிப்போர்ட்டர்களோட நல்ல பழக்கம் இருந்தா போதும்னு சொல்றாங்களே?

பழக்கம் இருந்தால் போனை எடுப்பார்கள். செய்தி இல்லாவிட்டால் வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் அதன் பலன். நீடிக்கும் பழக்கம் விருந்தினாலும் பரிசினாலும் வருவதில்லை. அவர் எதைப் பற்றி எழுதுகிறார் என்று படித்து வைத்திருப்பது, சம்பந்தமில்லாததை அனுப்பாமல் இருப்பது, நம் நிறுவனத்துக்குப் பயன் இல்லாத கேள்விக்கும் சரியான ஆளைக் காட்டி விடுவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. இவற்றால் வருவதுதான் நிற்கும்.

எம்பார்கோ, ஆஃப் த ரெக்கார்ட் எல்லாம் என்ன? சட்டமா?

சட்டம் இல்லை, வாக்கு. எம்பார்கோ என்றால் தகவலை முன்கூட்டியே கொடுத்து, இந்த நேரத்துக்கு முன் வெளியிட வேண்டாம் என்று கேட்பது. சிக்கலான விஷயத்தை நிதானமாக எழுத அவருக்கு நேரம் கிடைக்கும். ஆஃப் த ரெக்கார்ட் என்றால் வெளியிடுவதற்காக அல்ல என்ற நிபந்தனையோடு பேசுவது. இரண்டுக்கும் எதிர்த்தரப்பு முன்னாலேயே சம்மதிக்க வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "இதைப் போட்டுடாதீங்க" என்று கடைசியில் சொன்னால் அது அவரைக் கட்டாது. என் விதி எளிது: அச்சில் வந்தால் வேலை போகும் என்கிற எதையும் யாரிடமும் எந்த நிபந்தனையிலும் சொல்வதில்லை.

செய்தி வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்க்கக் கேட்கலாமா?

கேட்காதீர்கள். எண்களையும் பெயர்களையும் சரிபார்க்க உதவத் தயார் என்று சொல்லலாம். பலர் அதை ஏற்றுக்கொள்வார்கள். முழுக் கட்டுரையைக் கேட்பது, அவர் வேலையில் கை வைப்பது. இரண்டாவது பதிலில் சொன்ன நம்பகத்தன்மையே அந்தக் கை படாததால்தான் கிடைக்கிறது.

இன்ஃப்ளூயன்சருக்குப் பணம் குடுத்துப் பேச வைக்கிறதும் பி.ஆர்.தானே?

இப்போது ஊடகத்தை நான்காகப் பிரித்துப் பேசுவது வழக்கம்: காசு கொடுத்தது, தானாகக் கிடைத்தது, மக்கள் பகிர்ந்துகொள்வது, நமக்குச் சொந்தமானது. நம் இணையதளம் கடைசி வகை. காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர் முதல் வகை. அவர் சொல்வது விளம்பரம். பி.ஆர். பிரிவு அதை ஏற்பாடு செய்வதில் தவறில்லை. ஆனால் காசு கைமாறியது என்பதைப் பார்க்கிறவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பல நாடுகளில் சட்டமே அதைக் கேட்கிறது. சொல்லாமல் விட்டால் அது பெர்னேஸின் ஈஸ்டர் ஊர்வலம்தான்.

இதோட பலனை எப்படி அளக்கறது? எங்க மேனேஜர் 'எத்தனை ரூபாய் மதிப்புள்ள கவரேஜ்'னு கேட்கிறார்.

செய்தி வந்த இடத்தை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று பெருக்கிச் சொல்லும் பழைய முறை அது. ஏ.வி.இ. என்பார்கள். நம்மைத் திட்டி அரைப்பக்கம் வந்தாலும் அந்தக் கணக்கில் அது லாபமாகத் தெரியும். 2010-இல் பார்சிலோனாவில் கூடிய ஊடக அளவீட்டு அமைப்பினர் ஒரு கொள்கைத் தொகுப்பை ஏற்றார்கள். விளம்பரக் கட்டணத்துக்கு ஈடாகக் காட்டும் எண் மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. மேனேஜரிடம் அதைக் காட்டலாம்.

அதற்குப் பதிலாக, தொடங்கும் முன்பே ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: இந்த வேலை முடிந்தால் யார், எதை, வேறு மாதிரி செய்வார்கள்? காது கருவி உதாரணத்தில், பரிசோதனைக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் கட்டுரையைப் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள் என்று வரவேற்பறையில் ஒரு கேள்வி கேட்டாலே தெரியும். விற்பனை முழுவதையும் பி.ஆர். கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். விலை, விளம்பரம், போட்டியாளர் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது.

எனக்குக் கூச்சம் அதிகம். இந்த வேலைக்கு லாயக்கா?

தாராளமாக. நான் பார்த்த நல்ல பி.ஆர். ஆள்களில் பலர் அதிகம் பேசாதவர்கள். கேட்கத் தெரிய வேண்டும், தெளிவாக எழுதத் தெரிய வேண்டும், உள்ளே மாட்டேன் என்று சொல்லத் துணிவு வேண்டும். இதழியல் படித்தவர்கள், தகவல் தொடர்பியல் படித்தவர்கள், வேறு ஏதோ படித்துவிட்டு வந்தவர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். தினமும் ஒரு செய்தியை எடுத்து, இது எப்படி இங்கே வந்தது, யார் சொல்லி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது நல்ல பயிற்சி.

திடீர்னு ஒரு பிரச்சினை வெடிச்சுட்டா முதல்ல என்ன செய்யணும்?

பாதிக்கப்பட்டவர்களைப் பாருங்கள், பெயரைப் பற்றி அப்புறம் பேசலாம். எல்லா வகுப்பிலும் சொல்லப்படும் உதாரணம் 1982-இல் நடந்தது. சிகாகோ வட்டாரத்தில் டைலெனால் என்ற வலி நிவாரணி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்துவிட, 7 பேர் இறந்தார்கள். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம், பயன்படுத்த வேண்டாம் என்று மக்களை எச்சரித்து, சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. செலவு 10 கோடி டாலருக்கும் மேல். பிறகு, பிரித்தால் தெரிந்துவிடும் உறைகளோடு மறுபடி விற்பனைக்கு வந்தது. இதில் நன்றாகப் பேசியதை விட நன்றாக நடந்துகொண்டதுதான் முக்கியம்.

எதிர் உதாரணம் 2010. மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளம் வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள், எண்ணெய் பல வாரங்கள் கடலில் கொட்டியது. அந்த நேரத்தில், அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பான பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டோனி ஹேவர்ட், தனக்குத் தன் பழைய வாழ்க்கை திரும்பக் கிடைத்தால் போதும் என்ற பொருளில் பேசிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டும் அந்த ஒரு வரிதான் நின்றது. இறந்தவர்களின் வீட்டில் அந்த வாக்கியம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

நடைமுறைக்கு வருவோம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சிறு அறிக்கை வேண்டும்: நடந்தது இவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும், இன்னும் தெரியாதது இது, இப்போது இதைச் செய்கிறோம், அடுத்த தகவல் இத்தனை மணிக்கு. நான் முன்பு வேலை பார்த்த இடம் ஒன்றில், ஒரு பொருளில் குறை தெரிந்தபோது 'வருந்துகிறோம்' என்ற சொல்லைப் போடலாமா என்று இரண்டு நாள் விவாதித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளரின் கைப்பேசிக் காணொளியே செய்தியாகிவிட்டது. எங்கள் அறிக்கை அதற்குக் கீழே கடைசி வரியில் வந்தது, அந்தச் சொல் இல்லாமலேயே. அன்றைக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

'கருத்துச் சொல்ல விரும்பவில்லை'ன்னு முடிச்சுட்டா பிரச்சினை இல்லையே?

கேட்கிறவர் காதில் அது 'ஒத்துக்கொள்கிறோம்' என்றுதான் விழும். சொல்ல முடியாத காரணத்தைச் சொல்லுங்கள்: வழக்கு நடக்கிறது, குடும்பத்தினருக்கு இன்னும் தகவல் போகவில்லை, விசாரணை முடியவில்லை. காரணம் உண்மையாக இருந்தால் செய்தியாளர்கள் பெரும்பாலும் மதிப்பார்கள்.

நம்மைப் பத்தித் தப்பா வந்ததை நீக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் விடலாமா?

தகவல் பிழை என்றால் ஆதாரத்தோடு ஆசிரியருக்கு எழுதித் திருத்தம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பிடிக்காத கருத்து என்றால் விட்டுவிடுவது நல்லது. 2003-இல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், கடலோர அரிப்பை ஆவணப்படுத்தும் புகைப்படத் தொகுப்பில் தன் வீடு தெரிகிறது என்று 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதுவரை அந்தப் படம் தரவிறக்கப்பட்டது 6 முறை. அதில் 2 அவருடைய வழக்கறிஞர்களே செய்தது. வழக்குச் செய்தி பரவிய பிறகு ஒரே மாதத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்தைப் பார்த்தார்கள். மறைக்கப் போய் ஊரறியச் செய்வதற்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மேலிடம் பொய் சொல்லச் சொன்னா என்ன செய்ய?

முதலில் அது பொய்யா, சொல்லாமல் விடுவதா என்று பிரித்துப் பாருங்கள். வியாபார ரகசியத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மைக்குக் குறைவில்லை. நடந்ததை நடக்கவில்லை என்பது பொய். அப்படிச் சொல்லச் சொன்னால், நான் எழுத்தில் பதில் கொடுப்பேன்: இது வெளியே வந்தால் என்ன ஆகும், யார் யாருக்குத் தெரியும், இதற்குப் பதிலாக என்ன சொல்லலாம். மூன்றாவதை எப்போதும் கூடவே கொண்டு போங்கள். மாட்டேன் என்று மட்டும் சொன்னால் கோபம் வரும், மாற்று வாக்கியத்தை நீட்டினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியும் வற்புறுத்தினால் வேறு இடம் பாருங்கள். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று இருக்கும்போது இது எளிதல்ல என்று தெரியும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் இனப் பகையைத் தூண்டும் பிரச்சாரத்தில் ஈடுபட்டதற்காக, பெல் பாட்டிங்கர் என்ற பெரிய லண்டன் பி.ஆர். நிறுவனம் 2017-இல் பி.ஆர். நிறுவனங்களின் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, சில நாள்களிலேயே கவிழ்ந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் அந்தப் பிரச்சாரத்தோடு சம்பந்தமே இல்லாதவர்களும் இருந்தார்கள்.

தப்பு நம்ம மேலதான். ஆனா வெளியே யாருக்கும் தெரியாது. நாமளே போய்ச் சொல்லணுமா?

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள். யாருக்காவது ஆபத்து இருக்கிறது என்றால் கேள்விக்கே இடமில்லை, இன்றே சொல்ல வேண்டும். ஆபத்து இல்லாவிட்டாலும் சொல்வதுதான் சரி என்பேன். தவறு செய்தவர் தானே முந்திக்கொண்டு சொன்னால், பிறர் கண்டுபிடித்துச் சொல்வதை விட நம்பிக்கை குறைவாகவே சேதமாகிறது என்று இத்துறை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தப் பலனுக்காக மட்டும் சொல்கிறவரின் அறிக்கையில் அது தெரிந்துவிடும்.

சொல்லும் வரிசை முக்கியம். முதலில் பாதிக்கப்பட்டவர்கள், தனித்தனியாக, முடிந்தால் போனில். அடுத்து ஊழியர்கள், ஏனென்றால் அன்று மாலை அக்கம்பக்கத்தார் கேட்கப் போவது அவர்களைத்தான். பிறகு நம் துறையை மேற்பார்க்கும் கட்டுப்பாட்டு அமைப்பு, கடைசியாக ஊடகம். இந்த நான்கும் ஒரே நாளில் முடிய வேண்டும். சட்டப்படி கட்டுப்பாட்டு அமைப்புக்கே முதலில் சொல்ல வேண்டிய துறை என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். அறிக்கையில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதாமல் 'தவறு செய்துவிட்டோம்' என்று எழுதுங்கள். வழக்கறிஞர் அந்த வாக்கியத்தைச் சுற்றி வட்டம் போடுவார். அப்போதுதான் நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்து பேச வேண்டும்.